பாடசாலைக் கொழுந்து

என் குறிப்புப் புத்தகத்தில் ஒக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமைக்குரிய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மதிய நிறுவை முடிந்தது. எதிர்பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மழை இல்லை. ஆட்கள் குறையவில்லை. காரணம் தெரியவில்லை." அதற்குக் கீழே, வேறு பேனையால், அதே நாள் பின்னேரம் எழுதிய ஒரு வரி: "காரணம் தெரிந்தது. நான்தான்."

முப்பது வருடத்துக்கு மேல் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளோடு வேலை செய்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் திகதி போடாமல் ஒரு கடைச் சாமான் துண்டைக்கூட எழுத வராது. வீடு கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட. தெல்தோட்டைக்கு அப்பால், பஸ் திரும்பும் இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்துபோக வேண்டிய ஒரு தோட்டப் பாடசாலைக்கும் எனக்கும் தொடர்பு வந்தது அந்த வேலையால்தான். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியலோடு அந்தப் பாடசாலை அதிபர் வருடத்துக்கு இரண்டு தரமாவது என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். நான் ஓய்வு பெற்றபின் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸ், ரிட்டயர் ஆனவங்களுக்கு ஒரு வேல இருக்கு. சம்பளம் பிளேன்டீ."

"சீனி போட்டோ, போடாமலோ சேர்?"

"அது வேலயப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

வேலை இதுதான். பாடசாலையில் பதினோராம் ஆண்டு வரைதான் வகுப்பு. உயர்தர உயிரியல் பிரிவு தொடங்க அனுமதி கிடைக்கும். ஆனால் அதற்கு ஓர் ஆய்வுகூடம் வேண்டும். நவம்பர் கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்க்க வருவார். கூடம் சரியாக இருந்தால் புதிய வருடத்தில் வகுப்பு. இல்லாவிட்டால் இந்த முறை இல்லை. இந்த முறை இல்லையென்றால், சாதாரண தரத்தில் விஞ்ஞானம் நன்றாகச் செய்த பதினான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்கள்.

ஒக்டோபர் 13, ஞாயிறு, பாடசாலையில் கூட்டம். நகரத்திலிருந்து என்னைப் போல ஓய்வு பெற்ற ஒன்பது பேர் போயிருந்தோம். தோட்டத்திலிருந்து ஐம்பது பேராவது இருக்கும், பெரும்பாலும் பெண்கள். வெளியே நல்ல மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் அதிபர் பட்டியலைக் கத்தித்தான் வாசித்தார். கண்ணாடிக் குடுவைகள், தராசு, இரண்டு நுணுக்குக்காட்டிகள், எரிவாயு, மணல் வாளி. பிறகு எட்டு மேசைகளுக்கும் தண்ணீர்க் குழாய், தொட்டி, அமிலம் பட்டாலும் கெடாத டைல் பதித்த மேற்பரப்பு.

குடுவை முதல் நுணுக்குக்காட்டி வரை நகரத்தார் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டோம். மிச்சத்துக்குக் கண்டியில் ஒரு மண்டபம் எடுத்துப் பழைய பாட்டுக் கச்சேரி வைத்து ரிக்கற் விற்கலாம் என்று நான் சொன்னேன். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

முன்னால் இருந்த ஒருவர் எழும்பினார். நாற்பது வயதிருக்கும். கொழுந்து பறிக்கும்போது நிரையில் முதலாவதாக நிற்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விஞ்ஞானம் நன்றாகச் செய்த அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியின் தாய்.

"மேசையும் தண்ணியும் எங்களோடது மிஸ்."

"எப்படிச் சேர்ப்பீங்கள்?"

"ஒரு கைக்காசு ஞாயித்துக்கெழம."

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கொழுந்து அதிகமாகத் துளிர்க்கும் காலத்தில், ஞாயிற்றுக்கிழமையிலும் பறிக்கக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு நாட்சம்பளம் இல்லை; எத்தனை கிலோ பறிக்கிறார்களோ அத்தனைக்கும் கையில் காசு. அதனால்தான் அந்தப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பறிக்கும் கொழுந்து முழுவதையும் பாடசாலைக் கணக்கில் நிறுக்க வேண்டும். தோட்டத்து முகாமையாளரான துரையிடம் அதிபர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார், அவருக்கு மறுப்பில்லை.

நான் கலண்டரை எடுத்தேன். போயா விடுமுறை எது, பரீட்சை எது, என்றெல்லாம் பார்த்து நவம்பர் 10 நல்ல நாள் என்றேன். பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு. தாய் சொன்னார்: "தீவாளிக்கு முந்துன ஞாயிறு வச்சுக்குவோம்."

தீபாவளி 31, வியாழக்கிழமை. முந்திய ஞாயிறு 27. வருடத்தில் எந்தக் கைக்காசை விட்டாலும் அந்தக் கைக்காசை யாரும் விடமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி அதில்தான்.

"அண்டைக்கு வேண்டாம். உங்களுக்கே தேவைப்படும்" என்றேன்.

"இந்தா பேயுதில்ல மழ, இது வுட்டு ரெண்டு வாரத்துல கொழுந்து குப்புனு வந்துரும் மிஸ். நீங்க சொல்ற தேதிக்கு அது முத்திப் போயிரும். இது எங்க கலண்டரு."

"அப்ப பிள்ளைகளின்ர உடுப்பு?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "போன வருசத்துச் சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டா உள்பக்கம் புதுசாத்தான மிஸ் இருக்கு!"

கூட்டம் சிரித்தது. அன்றைய குறிப்பில் "27 என முடிவாயிற்று" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அந்தச் சிரிப்பை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு இறங்கிப் போகும்போது தாய் என்னோடு குடையில் வந்தார். தன் மகளைப் பற்றிக் கேட்காமலே சொன்னார். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் தன் தமையன், அதே கடையில் மகளுக்கும் இடம் பார்த்து வைத்திருக்கிறார். தீபாவளிக்கு முன்பே அனுப்பச் சொன்னார்கள். இவர் தைப்பொங்கல் வரை தவணை கேட்டிருக்கிறார்.

"ரூமு ஆச்சுன்னா படிக்கட்டும். ஆகலேன்னா தையில அனுப்பிருவேன். அண்ணங்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன், அதுல மாத்தமில்ல."

"கண்டியில பள்ளிக்கூடம் இருக்குதே?"

"ரெண்டு பஸ்ஸு மிஸ், போவ ரெண்டு, வர ரெண்டு. சாயந்தரப் பஸ்ஸ விட்டா இந்த ஏத்தத்த ஒத்தையில ஏறணும். ஆஸ்டல்ல சேக்க நமக்கு ஏது?" பிறகு சிரித்தார். "நான் இருவது வருசமாப் பறிக்கிற எலைக்கு வாயி இருக்காம் மிஸ். அது வழியா மூச்சு வுடுதாம். படம் கீறி லயத்து வீட்டுச் செவுத்துல ஒட்டியிருக்கா. நீ பாத்தியாடீன்னு கேட்டேன். இல்ல, புத்தகத்துல இருக்குங்கிறா. இவளும் பாக்கல, நானும் பாக்கல, ஆனா வாயி இருக்காம்."

இப்படித்தான் எனக்கு அந்த ஆய்வுகூடம் ஒரு பட்டியலாக இல்லாமல் போயிற்று.

எனக்கென்று ஒரு வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பக்கத்துப் பிரிவிலும் கைக்காசு நடக்கும். எல்லாக் கொழுந்தும் ஒரே லொறியில் ஸ்டோருக்குப் போகும். ஸ்டோர் என்றால் அங்கே தேயிலைத் தொழிற்சாலை. சாக்குகள் மாறிப்போனால் பாடசாலைக் கணக்கு குழம்பிவிடும் என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளை, தோட்டத்தில் வேலையையும் நிறுவையையும் பார்ப்பவர், "அதெல்லாம் மாறாது மிஸ், இங்கயே நிறுத்துத்தான அனுப்புறோம்" என்றார். நான் விடவில்லை. பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி, அறுபது சீட்டுகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் "பாடசாலை" என்று கறுப்பு மையில், கீழே திகதி. மூன்று நாள் எடுத்தது. எழுத்து எல்லாம் ஒரே அளவு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

27ஆம் திகதி முதல் பஸ்ஸில் போனேன். முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஏழு ஆண்கள். கைக்காசு நாளில் ஒருவர் முப்பது கிலோவுக்குக் குறையாமல் பறிப்பார், கெட்டிக்காரர் நாற்பதும் தாண்டுவார் என்று அதிபர் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கிலோதான் கணக்கு என்பதால் முற்றிய இலை, காம்பு, கைக்கு வந்ததெல்லாம் சாக்குக்குள் போகும். நிறுக்கிறவரும் அதிகம் பார்க்கமாட்டார். ஆகவே ஆயிரத்து நூறு கிலோவாவது வரும். அக்குறணையில் ஒரு வன்பொருள் கடையில் டைல், தொட்டி, குழாய், சீமெந்து எல்லாவற்றுக்கும் விலை கேட்டு வைத்திருந்தோம். ஆயிரத்து நூறு கிலோ இருந்தால் சரியாகப் போதும்.

சாக்கு வரவர, கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் வாசலில் நின்று நான் சீட்டுக் கட்டினேன். முதல் நிறுவையில் ஒன்றும் தோன்றவில்லை. மதிய நிறுவை முடிந்து கூட்டிப் பார்த்தபோது நானூற்றுச் சொச்சம். எழுநூறு வந்திருக்க வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று வழக்கமாகக் கழிக்கும் கிலோக்களைக் கணக்கப்பிள்ளை அன்றைக்குக் கழிக்கவும் இல்லை. "இன்னிக்கு எனக்குக் கண்ணு தெரியாது மிஸ்" என்று சொல்லித் தராசைத்தான் பார்த்தார். அப்படியும் குறைவு. மேலே சொன்ன குறிப்பை அப்போதுதான் எழுதினேன்.

சாப்பிட்டபின் மலைக்கு ஏறினேன். பனி விலகியிருந்தது. நிரைகளுக்கு நடுவே நின்று பார்த்தேன். தேயிலைத் தோட்டங்களைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். ஆனால் பறிக்கும் கையை இத்தனை கிட்டத்தில் நின்று அதுவரை பார்த்ததில்லை. தாயின் இரண்டு கைகளும் தனித்தனியே வேலை செய்தன. விரல் ஒரு துளிருக்குப் போகும், தொடும், சில வேளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். எதை விட்டது, ஏன் விட்டது என்று நான் யோசிப்பதற்குள் பத்துத் துளிர் தாண்டியிருக்கும். எடுத்ததெல்லாம் இரண்டு இலையும் ஒரு மொட்டும். பக்கத்து நிரையில் பார்த்தேன். அங்கும் அப்படியே. அதற்கடுத்த நிரையில் இருந்த ஆணும் அப்படியே. கைகொள்ளும் அளவுக்கு முற்றிய இலை செடியில் இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

"கொழுந்து குறைவாயிருக்குது" என்று தாயிடம் மெதுவாகச் சொன்னேன். "இப்பிடியே போனால் முழுநாளும் சேர்த்து எழுநூறும் வராது."

"தெரியும் மிஸ். சாக்கத் தூக்குறப்பவே தெரியுது."

"அப்ப கொஞ்சம் நிறையப் பிடுங்கச் சொல்லுங்கோவன். வழமையாக் கைக்காசுக்குப் பிடுங்கிற மாதிரி."

அவர் கை நிற்கவில்லை. "எப்புடி மிஸ் சொல்றது?"

"ஏன்?"

பதில் அடுத்த நிரையிலிருந்து வந்தது. போன வருடத்துச் சட்டையைத் திருப்பிப் போடச் சொன்ன அதே குரல். "நல்லா இருக்கே! பாடசாலைன்னு முத்து முத்தா எழுதிக் கட்டிப்புட்டு, அதுக்குள்ள குச்சியையும் முத்தலையும் போடச் சொல்றீங்களா? ஸ்டோருல கொட்டிப் பாக்க மாட்டாங்க? நாளைக்கே லொறிக்காரன் ஊர் பூரா சொல்லுவான், பள்ளிக்கூடம் குப்ப அனுப்பியிருக்குன்னு."

"எங்க கணக்குல போறதுன்னா போட்டுருவோம் மிஸ்," என்றார் இன்னொருவர். "நாங்க வாங்காத ஏச்சா?"

"எல்லாரும் பேசி முடிவெடுத்தீங்களோ?"

"இதுல என்னா பேச இருக்கு?"

அதுதான் என்னை அந்த இடத்திலேயே நிறுத்தியது. யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் காலையில் முதல் சாக்கில் அந்த மட்டையைப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

நான் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். கீழே போய்ச் சீட்டை எல்லாம் வெட்டி எடுத்துவிடுகிறேன் என்றேன். தாய் அப்போதுதான் கையை நிறுத்தினார்.

"வேணாம் மிஸ். கட்டுனது சரியாத்தான் இருக்கு."

"உங்கட மகள்..."

"அவ படிக்கப் போற எடத்துப் பேருலதான மிஸ் இது போவுது."

மறுபடி பறிக்கத் தொடங்கிவிட்டார். தையில் யார் கொழும்புக்குப் போக வேண்டிவரும் என்பது அந்த மலையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் கையில் ஒரு முற்றிய இலை வரவில்லை.

கடைசி நிறுவையில் மொத்தம் அறுநூற்று எண்பத்திரண்டு கிலோ. ஒரு சாக்கைக் கணக்கப்பிள்ளை மடுவத்துத் தரையில் கவிழ்த்துப் பார்த்தார். இளம்பச்சை மட்டும். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளினார். அடியும் அதே நிறம். "பதினேழு வருசமா இந்த மடுவத்துல நிக்கிறேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "கைக்காசுல இப்புடி ஒரு கொழுந்த நான் கண்டதில்ல." பிறகு ஒவ்வொரு துளிராக, ஒன்றும் சிந்தாமல், திருப்பிச் சாக்கில் போட்டுக் கட்டினார். அவர் கட்டிய முடிச்சு என்னுடையதைவிட இறுக்கம்.

லொறி போனபின் மடுவத்துப் படியில் உட்கார்ந்து அந்த இரண்டாவது வரியை எழுதினேன்.

29, செவ்வாய். தாயும் நானும் அக்குறணைக்குப் போனோம், பட்டியலைக் குறைக்க. தொட்டியையும் குழாயையும் விட முடியாது. விடக்கூடியது டைல் மட்டும்தான். கடைக்கார ஹாஜியார் அறுபது தாண்டியவர். எங்களுக்குக் கதிரை போட்டு, குளிர்பானம் வருவித்து, பட்டியலில் கோடு கீறிய இடத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"டைல்ஸ வெட்டிட்டா மேசைக்கு என்த போடப் போறீங்க?"

"சீமெந்து பூசலாம் எண்டு பாத்தம்" என்றேன்.

"சரிவராதே மிஸ். புள்ளைகள் அசிட் ஊத்துவாங்க. சீமெந்து நொரைச்சிப் பொங்கும். என்ட மகளும் பயோதான் படிச்சா, எனக்குத் தெரியும். கொழுந்து நல்லா வரும் எண்டுதானே சென்னீங்க, என்த நடந்த?"

தாய் நடந்ததைச் சொன்னார். சுருக்கமாக, தன்னைப் பற்றி ஒன்றும் சேர்க்காமல். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அட, கொழுந்து பறிக்கத் தெரியாத ஆக்கள்! கிலோவுக்குக் காசு தாரப்ப கிலோவ அல்லவா பார்க்கோணும்?"

"ஆமாங்க," என்றார் தாய். "நீங்களும் வெடிச்ச தொட்டிய நல்லதுன்னு விக்கத் தெரியாத ஆளுன்னு சொன்னாங்க. அதான் இங்க வந்தோம்."

அவர் சிரிப்பு நின்றது. "வாங்கோ தங்கச்சி" என்று எழும்பிக் கடையின் பின்புறத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே மதிலோரமாக இடுப்பு உயரத்துக்கு டைல் குவிந்து கிடந்தது. வரும் வழியில் உடைந்தவை, ஒரு வகை விற்று முடிந்து ஐந்தும் ஆறுமாக மிஞ்சியவை, மூலை போனவை.

"இத அள்ளிப் போட நானே ஆள் தேடிட்டு ஈக்கிறேன். எடுக்கிறதெண்டா எடுங்கோ, காசு வேணாம். ஒரு கண்டிசன். நல்லத மட்டும் பொறுக்கிட்டு குப்பைய எனக்கு வெச்சிட்டுப் போகப்படாது. உங்கட ஆக்கள நம்பேலாது, பொறுக்கிறதில கெட்டிக்காரங்க. முழுசா எடுக்கோணும்."

தீபாவளி முடிந்த சனிக்கிழமை தோட்டத்து லொறியில் அந்தக் குவியல் முழுவதும் மேலே போயிற்று. தூளைக்கூடக் கூட்டி அள்ளினார்கள் என்று அதிபர் சொன்னார்.

நவம்பரில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். அதில் மூன்றுக்குப் போனேன். வேலை முடிந்து வந்த பெண்கள் பாடசாலை மைதானத்தில், மலையில் இடுப்பில் சுற்றும் தடித்த படங்குகளை விரித்து டைல் துண்டுகளைத் தரம் பிரித்தார்கள். கனம் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம். ஒரு துண்டை எடுத்து, விரலால் ஓரத்தைத் தடவி, வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். எனக்கு அந்த விரல்களை அதற்குள் தெரியும். லயத்தில் இருந்த மேசன் ஒருவர் பதித்தார். ஓரங்களுக்கு முழு டைல், உள்ளே துண்டுகள். வெள்ளை, சாம்பல், இளநீலம், ஒரு மேசையில் யாருடையவோ குளியலறைக்கென்று செய்த மீன் படத்தில் பாதி. துண்டுக்கும் துண்டுக்கும் இடையே நகம் போகாது. எட்டு மேசையும் முடிந்த அன்று கதவடியில் நின்று பார்த்தபோது, ஒரு கோயில் வாசலில் நிற்பதைப் போல் என் சத்தம் தானாகத் தணிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

தீபாவளி எப்படிப் போனது என்று தாயிடம் கேட்டேன். "பழசுதான் மிஸ். தொவச்சு அயன் பண்ணிட்டா யாருக்குத் தெரியும்? எல்லாரும் பழசுல நின்னா அதுவும் ஒரு யூனிபோம்தான்."

நவம்பர் 26, செவ்வாய், பகல் பதினொன்றரை. அதிகாரி வந்தார். சிங்களப் பெண்மணி, நிதானமான தமிழும் பேசினார். ஒவ்வொரு குழாயையும் திறந்தார். தொட்டியில் தண்ணீர் வடியும் வரை நின்று பார்த்தார். எரிவாயு இணைப்பை மோந்து பார்த்தார். பிறகு அமிலப் போத்தலையும் துளிகுழாயையும் கேட்டார். டைலில் ஒரு துளி விட்டார். ஒன்றும் இல்லை. இரண்டு துண்டுகளுக்கு இடையிலான பொருத்தில் ஒரு துளி விட்டார்.

நுரைத்தது. சிறிதாக, ஒரு கடுகு அளவுக்கு. ஆனால் நுரைத்தது.

பகல் சாப்பாட்டுக்கு இறங்கிவந்த பெண்கள் யன்னலுக்கு வெளியே இடுப்பில் படங்கோடு நின்றார்கள். தாயின் முகம் கம்பிகளுக்கு இடையில் தெரிந்தது. அதிபர் கையிலிருந்த பேனையின் மூடியை மூடினார், திறந்தார், மூடினார்.

அதிகாரி குனிந்து அந்தப் பொருத்தின் மேல் நகத்தை ஓட்டினார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு மேசையை முழுவதும் சுற்றினார். "யார் பதித்தது?" என்று கேட்டார். மேசனைக் காட்டினோம். "இல்லை, துண்டுகளை யார் தெரிந்தெடுத்தது?" அதிபர் யன்னல் பக்கம் கையைக் காட்டினார். அதிகாரி அங்கே திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: இடைவெளி இவ்வளவு குறைவாக இருப்பதால் அமிலம் தாங்கும் பசையை மேலே நிரப்பிவிட்டால் போதும், வகுப்புத் தொடங்குவதற்கு முன் நிரப்ப வேண்டும், அந்த நிபந்தனையோடு அனுமதி. இதை முதலில் அதிபரிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு யன்னலுக்குப் போய், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, தமிழில் இன்னொரு முறை சொன்னார்.

வெளியே ஆரவாரம் ஒன்றும் எழவில்லை. "அப்ப சரி," என்றார் தாய், "மணியாச்சு, மலைக்குப் போவோம்." எல்லோரும் போய்விட்டார்கள். மகள் வரமாட்டாள் என்று தமையனுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொன்னாராம்.

பொருத்துகளில் பசை நிரப்பியபின், ஜனவரியில் வகுப்புத் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மகள் ஒரு தேயிலை இலையின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்தபின் அந்தப் படலத்தை உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்தாள். தாயைக் கதிரையில் உட்காரவைத்து, எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று காட்டினாள். நுணுக்குக்காட்டியில் தாய் நெடுநேரம் குனிந்திருந்தார். திருகை அவர் தொடவில்லை. மேசை விளிம்பில் இருந்த இரண்டு கையும் அசையவில்லை. அந்தக் கைகள் அப்படிச் சும்மா இருந்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

"இத்தன வாயாடீ?" என்றார் கடைசியில்.

"ஆமாம்மா. இது ஒரு துளியூண்டு எடந்தான்."

"இத்தன வாய வச்சுக்கிட்டு ஒரு வார்த்த பேசாம நிக்குது பாரு. நம்ம லயத்து ஆளுகளும் இருக்காங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, மறுபடி குனிந்தார். நானும் பார்த்தேன். ஒளியில், ஆயிரக்கணக்கில், சின்னஞ்சிறு உதடுகள். பிறப்புப் பதிவு ஏடுகளில் எத்தனை ஆயிரம் பெயர்களை எழுதியிருக்கிறேன். இப்படியொரு நிரையை எழுதியதில்லை.

வெளியே வரும்போது தாய் என்னைப் பிடித்தார். "மிஸ், நீங்க எல்லாம் எழுதி வைக்கிறவங்க. அன்னிக்கிப் போன கொழுந்து என்னாச்சுன்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்டிருக்கிறேன். அறுபது சீட்டில் முப்பத்தொன்று போயிற்று. இருபத்தொன்பது என் அலுமாரியில் இருக்கிறது. ஸ்டோரில் அந்தச் சீட்டுகளைக் கண்ட தேயிலை தயாரிப்பாளர், சாக்குகளை மற்றவற்றோடு சேர்க்கவிடாமல், தனியாக வாட்டி, தனியாக அரைத்து, ஏட்டில் "பாடசாலை" என்றே பதிந்து தனிப் பெட்டியாகக் கொழும்புக்கு அனுப்பினார் என்று லொறிச் சாரதி அதிபரிடம் சொல்லியிருக்கிறார். அறுநூற்று எண்பத்திரண்டு கிலோ தனியாகச் செய்வதற்குக் குறைவுதான்; ஆனால் செய்ய முடியாததல்ல என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். பெப்ரவரி 10 அன்று ஸ்டோருக்குக் கடிதம் எழுதினேன். மார்ச் 17 அன்று நினைவூட்டல். ஏப்ரலில் நேரில் போனேன். அந்தத் தயாரிப்பாளர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார், ஏடு காட்ட இயலாது என்றார்கள். அவருடைய புதிய இடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. ஆகவே, அந்தக் கொழுந்து தனியாகத் தேயிலையாயிற்று என்பது சாரதியின் வாய்மொழி மட்டுமே; உறுதிப்படுத்தப்படவில்லை. தாயிடமும் அப்படியேதான் சொல்லியிருக்கிறேன்.